மூடி போட்ட ஐஸ் பெட்டிக்கு மானியம்: கையெழுத்துப் போடும் முன் பாருங்கள்

பாம்பனிலும் தொண்டியிலும் ஏலத்தில் மீன் எடுத்து ஊர் ஊராக விற்கும் பெண்கள் பலர் இன்னும் திறந்த கூடையில்தான் கொண்டுபோகிறார்கள். வெயில் ஏறும் முன்பே ஐஸ் கரைகிறது, ஈ மொய்க்கிறது. மத்தியும் சூடையும் மதியத்துக்குள் பாதி விலைக்கு இறங்கிவிடும். இதற்காகவே மத்திய அரசின் மீன்வளத் திட்டமான பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பத யோஜனாவில், ஐஸ் பெட்டி பொருத்திய இருசக்கர வாகனத்துக்கு மானியம் வைத்திருக்கிறார்கள். 2020-21இல் வந்த திட்டம், 2025-26 வரைதான் நீட்டித்திருந்தார்கள். அதனால் மீன்வளத்துறை அலுவலகத்தில் முதலில் கேளுங்கள்: "இந்த வருஷம் ஒதுக்கீடு இருக்கா, எங்க பகுதிக்கு எத்தனை?" பதில் தெரியாமல் சான்றிதழ்களுக்கு அலைய வேண்டாம்.

பொதுப்பிரிவு ஆண்களுக்கு 40 சதவீதம். பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் 60. ஆனால் இந்தச் சதவீதம் கடை பில்லுக்கு இல்லை. வண்டிக்கும் பெட்டிக்கும் சேர்த்து அரசு வைத்த மதிப்பு 75,000 ரூபாய், கணக்கு அதற்குத்தான். பெண்ணுக்கு அதிகபட்சம் 45,000. பில் 1,10,000 வந்தால் மீதி 65,000 உங்கள் பொறுப்பு. இதை டீலர் சொல்லமாட்டார்.

பணமும் முன்னால் வராது. முழுத் தொகையும் கட்டி வாங்கி, அதிகாரி பார்த்துப் போட்டோ எடுத்த பிறகே மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். அந்த இடைவெளியில் மீட்டர் வட்டிக்கு வாங்காதீர்கள், மானியத்தை வட்டியே தின்றுவிடும். அனுமதிக் கடிதம் கையில் வரும்வரை வண்டியும் எடுக்காதீர்கள். "எடுத்துட்டு வாங்க, பாத்துக்கலாம்" என்ற வாய்வார்த்தையை நம்பி அனுமதிக்கு முந்தைய தேதி போட்ட பில்லோடு போய் நின்ற ஓர் அக்காவுக்குக் கடைசிவரை ஒரு பைசா வரவில்லை. சொன்ன ஆளோ மாறுதலில் போய்விட்டார்.

"ஓட்டப்போறது வீட்டுக்காரர்தானே, அவர் பேர்லயே போடுங்க" என்பார்கள். சம்மதித்தால், அவர் பொதுப்பிரிவு என்றால் 45,000 என்பது 30,000 ஆகிவிடும். மீன் விற்பது நீங்கள். விண்ணப்பம், பில், ஆர்.சி., வங்கிக் கணக்கு எல்லாம் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். ஆதாரில் அப்பா இனிஷியல், பாஸ்புக்கில் கணவர் இனிஷியல் என்று இருந்தால் இப்போதே திருத்துங்கள். எத்தனையோ மனுக்கள் அந்த ஓர் எழுத்தில்தான் திரும்பி வருகின்றன.

சைக்கிளும் ஐஸ் பெட்டியும் இதே திட்டத்தில் உண்டு. மதிப்பு 10,000, பெண்களுக்கு 6,000 மானியம். கடனும் லைசென்ஸும் தேவைப்படாத இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, நீங்களே கேளுங்கள்.

பெட்டி வாங்கும்போது மூடி ரப்பர் பட்டையோடு இறுக அடைகிறதா, அடியில் தண்ணீர் வடிக்கத் திருகு இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். உருகிய தண்ணீரில் ஊறினால் மூடிய பெட்டியிலும் மீன் கெடும்.

மனுவைக் கொடுத்ததும் தேதி, முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். "லிஸ்ட் முடிஞ்சுது" என்றால் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால், திங்கட்கிழமை ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் அந்த ஒப்புகையின் நகலை வைத்து மனுக் கொடுங்கள்.