கட்டைவிரலுக்கு ஏற்ற ரிவால்வர்

அமெரிக்காவில் 'கவ்பாய் ஆக்‌ஷன் ஷூட்டிங்' என்றொரு விளையாட்டு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு உடை, ஆளுக்கொரு புனைபெயர், அந்தக் காலத்து வடிவிலான துப்பாக்கிகள், எதிரே இரும்புத் தகடு இலக்குகள். தப்பாமல், வேகமாகச் சுட்டு முடிப்பவருக்கே வெற்றி. இந்தப் போட்டிகளை நடத்த சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி 1987-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கப்பட்டது. போட்டிக்கு ஆளுக்கு இரண்டு ரிவால்வர் தேவை. வாங்கப் போகிறவர்கள் குழலின் நீளத்தையும் பளபளப்பையும்தான் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது சுத்தியலை, அதாவது தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் பின்புறப் பாகத்தை.

காரணம், 'சிங்கிள் ஆக்‌ஷன்' என்னும் இந்த வகை ரிவால்வரில் விரலால் அழுத்தும் விசை செய்வது ஒரே வேலை: பின்னால் நிற்கும் சுத்தியலை விடுவிப்பது. மற்றதெல்லாம் கட்டைவிரலின் வேலை. 1873-இல் வந்த ரிவால்வரான கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியை எடுத்துக்கொள்வோம். சுத்தியலைப் பின்னுக்கு இழுத்தால், அதோடு சேர்ந்து மேலேறும் ஒரு சிறு கொக்கி, தோட்டா அறைகள் உள்ள உருளையின் பின்புறப் பல்லைத் தள்ளி அடுத்த அறையைக் குழலுக்கு நேரே கொண்டுவருகிறது. அதே நேரம் அடியிலிருந்து ஒரு தாழ் எழும்பி, உருளையின் பள்ளத்தில் விழுந்து பூட்டுகிறது. ஒவ்வொரு குண்டுக்கும் இத்தனையும் நடந்தாக வேண்டும்.

அதனால்தான் கைப்பிடியின் வளைவு இங்கே அவ்வளவு முக்கியம். சுடும்போது துப்பாக்கி கைக்குள் மேல்நோக்கி உருள்கிறது. சுத்தியல் தானாகக் கட்டைவிரலுக்கு அருகே வந்துவிடும். கை சிறியதென்றால் பெரிய சட்டகம் வேண்டாம். ரூகர் நிறுவனம் 1993-இல் கொண்டுவந்த வக்கேரோ ரிவால்வர் சற்றுப் பருமன். 2005-இல் வந்த நியூ வக்கேரோ பழைய கோல்ட்டின் அளவுக்கு நெருக்கம்.

பழைய கோல்ட்டில் சுத்தியலின் முகத்திலேயே தோட்டாவைக் குத்தும் ஊசி இருக்கிறது. ஆறு அறையிலும் தோட்டா போட்டுச் சுத்தியலை இறக்கினால், ஊசி நேராகத் தோட்டாவின் பற்றவைப்பு மூடிமேல் உட்கார்ந்திருக்கும். துப்பாக்கி கீழே விழுந்தால் வெடிக்கலாம். எனவே ஒன்று போட்டு, ஓர் அறை விட்டு, அப்புறம் நான்கு போடுவார்கள். சுத்தியலை முழுதாக இழுத்து மெல்ல இறக்கினால் காலி அறைமேல் வந்து நிற்கும். வக்கேரோ வேறு மாதிரி: சுத்தியலுக்கும் ஊசிக்கும் நடுவே ஒரு சிறு உலோகப் பட்டை, விசையை அழுத்தினால் மட்டுமே மேலேறி அடியை ஊசிக்குக் கடத்தும். ஆனாலும் போட்டியில் ஐந்து தோட்டாதான், அது நல்ல விதி.

காலிபரை, அதாவது தோட்டாவின் அளவைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. .45 கோல்ட்டுக்கு வரலாற்றுப் பெருமை உண்டு. ஆனால் புதியவர்களுக்கு .357 மேக்னம் துப்பாக்கியே சரி, அதில் .38 ஸ்பெஷல் தோட்டாவும் போகும், உதைப்பும் குறைவு. விதிப்படி ரிவால்வர் குண்டின் வேகம் நொடிக்கு 1,000 அடிக்குள்தான் இருக்க வேண்டும். கூடுதல் சக்தியால் பயனே இல்லை.

பழைய துப்பாக்கி வாங்குவதானால், எல்லா அறையும் காலி என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்தபின் சுத்தியலை மெதுவாக இழுத்துப் பாருங்கள். அது முழுதாகப் பின்னால் போய் நின்ற பிறகும் உருளை பூட்டிக்கொள்ளாமல் விரலுக்குச் சுழன்றால், கொக்கியோ தாழோ தேய்ந்திருக்கிறது. அறை குழலுக்கு நேராக நிற்காமல், சுடும்போது ஈயம் சீவப்பட்டுப் பக்கவாட்டில் தெறிக்கும். விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.