65 வாட் சார்ஜர் ஏன் 10 வாட்தான் தருகிறது?

வண்ணாரப்பேட்டையிலோ தண்டையார்பேட்டையிலோ ஒரு மொபைல் சர்வீஸ் கடையில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தக் கேள்வி காதில் விழும்: "அண்ணே, 65 வாட் சார்ஜர்லதான் போட்டேன். பின் கரெக்டா உக்காருது. ஆனா ராத்திரி பூரா ஏறுது. போன் போச்சா?" பல நேரம் போனிலும் கோளாறு இருக்காது, சார்ஜரிலும் இருக்காது. போன் ஒரு நிறுவனத்துடையது, சார்ஜர் வேறொரு நிறுவனத்துடையது. அதுதான் சிக்கல்.

டைப்-சி முனை 2014இல் வந்தது. எப்படிச் செருகினாலும் உள்ளே போகும், எல்லாவற்றுக்கும் ஒரே ஒயர் போதும் என்றார்கள். வடிவம் உண்மையிலேயே ஒன்றாகிவிட்டது. ஆனால் மின்சாரம் பாய்வதற்கு முன் சார்ஜரும் போனும் தங்களுக்குள் பேசி முடிவெடுக்க வேண்டும். அந்தப் பேச்சில்தான் ஆளுக்கொரு பாஷை.

டைப்-சி வாய் உள்ள சார்ஜரைச் சுவரில் மாட்டியவுடன் அதன் வாயில் மின்சாரம் வந்து நிற்பதில்லை. முனையில் உள்ள 24 தொடுபுள்ளிகளில் சிசி எனப்படும் இரண்டு இருக்கின்றன. போன் பக்கம் அந்த இரண்டிலும் 5.1 கிலோ ஓம் மின்தடை தனித்தனியாக இருக்க வேண்டும். சார்ஜர் அதை உணர்ந்த பிறகே 5 வோல்ட்டைத் திறந்துவிடும். சில்லறைக் காசு பெறாத இந்த இரண்டு மின்தடைகளைச் சில மலிவு டிரிம்மர்களிலும் டார்ச் விளக்குகளிலும் வைக்காமலே விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் பழைய தட்டையான யுஎஸ்பி சார்ஜரில் ஏறும் பொருள், இரண்டு முனையும் டைப்-சியாக உள்ள ஒயரில் செத்துக் கிடக்கிறது. பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 2019இல் வந்த ராஸ்பெர்ரி பை 4 என்ற ஒற்றைப் பலகைச் சிறு கணினியில் இரண்டு தொடுபுள்ளிக்கும் சேர்த்து ஒரே மின்தடையை வைத்துவிட்டார்கள். சிப் பொதிந்த நல்ல ஒயரைப் போட்டால் சார்ஜர் அதை ஹெட்போன் இணைப்பு என்று நினைத்துக்கொண்டு மின்சாரமே தரவில்லை. பிறகு வந்த பலகைகளில் திருத்தினார்கள்.

சரி, 5 வோல்ட் வந்துவிட்டது. அடுத்து பேரம். பவர் டெலிவரி (சுருக்கமாக பிடி) என்ற பொதுத் தரநிலைப்படி, அதே சிசி கம்பி வழியாகச் சார்ஜர் தன்னிடம் என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் அனுப்பும்: 5 வோல்ட், 9, 15, 20, ஒவ்வொன்றிலும் இத்தனை ஆம்பியர். போன் ஒன்றைக் கேட்கும். சார்ஜர் சம்மதித்து, வோல்ட்டை ஏற்றி, "தயார்" என்று செய்தி அனுப்பும். கண் சிமிட்டும் நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஒயருக்கும் இதில் பங்கு உண்டு. 3 ஆம்பியருக்கு மேல் வேண்டுமென்றால் ஒயருக்குள் ஒரு சிறிய சிப் இருந்து "என்னால் 5 ஆம்பியர் தாங்க முடியும்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சார்ஜர் தராது. ஒயர் எரியாமல் காக்கும் ஏற்பாடு அது. 20 வோல்ட், 5 ஆம்பியர் என்றால் 100 வாட். 2021இல் இந்த எல்லையை 240 வாட் வரை உயர்த்தினார்கள்.

அப்புறம் ஏன் தனிப் பாஷைகள்? அதற்கு நியாயமான ஒரு காரணம் இருந்தது: சூடு. போன் பேட்டரியின் ஒரு செல் சுமார் நாலரை வோல்ட்டுக்குள்தான் இயங்கும். 9 வோல்ட்டை உள்ளே விட்டால் போனே அதைக் குறைத்துக்கொள்ள வேண்டும், அப்போது போன் கையைச் சுடும். ஓப்போ நிறுவனம் 2014இல் கொண்டுவந்த வூக் முறை, வோல்ட்டைத் தாழ்வாக வைத்து ஆம்பியரை ஏற்றியது. சரிக்கட்டும் வேலையைச் சார்ஜரே செய்தது, சூடும் அங்கேயே தங்கியது. நல்ல பொறியியல், மனதாரப் பாராட்டலாம். பின்னால் வந்த 65 வாட் சூப்பர்வூக்கின் கணக்கு 10 வோல்ட், 6.5 ஆம்பியர். அதற்கென்று தனி ஒயர், தனிப் பேச்சு. வேறு நிறுவனப் போனை மாட்டினால் அந்தப் பேச்சுக்குப் பதில் வராது. உடனே இந்த வகைச் சார்ஜர்கள் பல 5 வோல்ட், 2 ஆம்பியருக்கு இறங்கிவிடும். ஐயிரண்டு பத்து வாட். சார்ஜரின் அடியில் பொடி எழுத்தில் அதையும் அச்சிட்டிருப்பார்கள், பெட்டியின் மேல் 65 மட்டும் பெரிதாக இருக்கும்.

ஆனால் பொதுத் தரநிலையிலேயே பிபிஎஸ் என்ற பிரிவு வந்துவிட்டது. அதில் போன் கேட்கக் கேட்க, 20 மில்லிவோல்ட் படிகளில் சார்ஜர் வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும். வூக் தீர்த்த அதே சூட்டுப் பிரச்சினை, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தும் வழியில் பெருமளவு தீர்ந்தது. சாம்சங் போன்களின் 25 வாட் வேகம் இந்த வழியில்தான் கிடைக்கிறது. இதிலும் ஒரு குறை: பிபிஎஸ் கட்டாயம் இல்லை. "பிடி சார்ஜர்" என்று வாங்கி வந்தாலும் அதில் பிபிஎஸ் இல்லாமல் போகலாம். 5 ஆம்பியர் வரை தனிப் பாஷைக்கு இயற்பியல் காரணம் இனி பெரிதாக இல்லை என்பதே என் கருத்து. வாடிக்கையாளர் தங்கள் சார்ஜரையே வாங்க வேண்டும் என்ற கணக்குதான் மிச்சம்.

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகம் நோக்கி வரிசை கட்டும் கன்டெய்னர் லாரிகளைப் பாருங்கள். பெட்டி எந்த நாட்டுடையதாக இருந்தாலும், எட்டு மூலைகளிலும் உள்ள துளைகள் ஒரே அளவு. எந்த டிரெய்லரிலும் பூட்டும், எந்தக் கிரேனும் தூக்கும். அது தானாக நடக்கவில்லை. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென ஒரு பூட்டு வைத்திருந்தது. சீ-லேண்ட் நிறுவனத்தின் மால்கம் மெக்லீன் 1963இல் தன் மூலைப் பூட்டின் காப்புரிமையைப் பொதுவுக்கு விட்டுக்கொடுத்தார். அதை அடிப்படையாக வைத்தே உலகத் தரநிலை பிறந்தது. தரநிலை வந்ததால் அவர் தொழில் அழிந்துவிடவில்லை, கன்டெய்னர் போக்குவரத்தே பெருகியது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது வடசென்னையில் பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் எங்கோ ஒரு இன்வெர்ட்டரில் அரை மணி நேரம் கிடைத்தால், அந்த அரை மணியில் 10 வாட்டும் 45 வாட்டும் ஒன்றல்ல. வீட்டுக்குத் தகவல் சொல்ல முடியுமா முடியாதா என்பதே அதில் இருக்கிறது.

எல்லாருக்கும் பொதுவான சார்ஜர் முறையை ஐரோப்பிய ஒன்றியம் சட்டமாகவே ஆக்கியது. 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கும் போன்களில் டைப்-சி கட்டாயம். 15 வாட்டுக்கு மேல் ஏற்றும் போன் பவர் டெலிவரியும் பேசியாக வேண்டும், தனிப் பாஷை கூடுதலாக இருந்துகொள்ளலாம். இந்தியத் தர நிர்ணய அமைப்பும் 2023 ஜனவரியில் டைப்-சிக்கான தரநிலையை வெளியிட்டது. முனையைப் போலவே பேச்சையும் ஒன்றாக்கும் விதி இங்கேயும் வேண்டும்.

அதுவரை சார்ஜர் வாங்கும்போது வாட் எண்ணைப் பார்க்காமல் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 9 வோல்ட், 15 வோல்ட், 20 வோல்ட் வரிசை இருக்கிறதா, பிபிஎஸ் என்று 3.3 முதல் 11 வோல்ட் போல ஒரு வீச்சு போட்டிருக்கிறதா? 5 வோல்ட்டுக்குப் பக்கத்தில் 10 வோல்ட், 6.5 ஆம்பியர் மட்டும் இருந்தால் அது ஒரே குடும்பத்துப் போன்களுக்கான சார்ஜர். ஒயர் வாங்கும்போது 5 ஆம்பியர் என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.