தமிழ்ச் சேனல் மட்டும் பார்க்கும் வீட்டுக்கும் டிவி லைசன்ஸ் வேண்டுமா?

"நாங்க பிபிசி பக்கமே போறதில்லை, தமிழ்ச் சேனல் மட்டும்தான். எங்களுக்கு எதுக்கு லைசன்ஸ்?" பிரிட்டனில் டிவி பார்க்க வருடாவருடம் கட்டும், பிபிசிக்குப் போகும் கட்டணம்தான் இந்த டிவி லைசன்ஸ். லண்டனில் நம்மவர்களுக்கு வரும் கடிதங்களைப் படித்துச் சொல்லி, ஃபார்ம் நிரப்பிக் கொடுத்து, கோர்ட்டிலிருந்து வந்தால் என்ன பதில் எழுதலாம் என்று சொல்கிற வேலையில் இருக்கும் எனக்கு இந்தக் கேள்வி ஓயாமல் வந்துகொண்டே இருக்கிறது. கேட்பவர்களில் இரண்டு வகை உண்டு. தேவையே இல்லாமல் பயத்தில் கட்டிக்கொண்டிருப்பவர்கள் ஒரு வகை. தேவை இருந்தும், சொந்தமாக ஒரு காரணம் சொல்லிக்கொண்டு கட்டாமல் இருப்பவர்கள் இன்னொரு வகை. இரண்டு பேருமே தப்பான கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எந்தச் சேனல், எந்த மொழி, வீட்டில் டிவி பெட்டி இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் இங்கே விஷயமே இல்லை. ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பாகிற அதே நேரத்தில், அதாவது நேரலையில், அதைப் பார்க்கிறீர்களா அல்லது பதிவு செய்கிறீர்களா என்பதுதான் கேள்வி. ஆமாம் என்றால், டிவியோ லேப்டாப்போ கைபேசியோ எதில் பார்த்தாலும் லைசன்ஸ் வேண்டும். 2003-ஆம் ஆண்டின் கம்யூனிகேஷன்ஸ் ஆக்டும் அதற்கடுத்த வருடம் வந்த விதிகளும் சொல்வது இதைத்தான். வெளிநாட்டுச் சேனலுக்கு விலக்கு கிடையாது. இதோடு பிபிசியின் இணையச் சேவையான ஐபிளேயரும் சேர்ந்துகொள்ளும். 2016 செப்டம்பர் 1 முதல் ஐபிளேயரில் எதைப் பார்த்தாலும், நேற்றைய நிகழ்ச்சியாகவே இருந்தாலும், லைசன்ஸ் தேவை.

நம் வீட்டுப் பழக்கத்தை வைத்தே பார்க்கலாம். இந்தியாவில் இரவு 9 மணிக்கு ஓடும் சீரியல் இங்கே கோடைக்காலத்தில் மாலை 4.30 மணி. அந்த நேரத்தில் ஏதோ ஒரு ஆப்பிலோ பாக்ஸிலோ சேனலை அப்படியே ஓடவிட்டுப் பார்த்தால் லைசன்ஸ் வேண்டும். அதே எபிசோடை வேலை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, ஏழு மணிக்கு சன் நெக்ஸ்டில் எடுத்துப் பார்த்தால் வேண்டாம். ஒரே சீரியல், ஒரே டிவி, நேரம் மட்டும்தான் வித்தியாசம். நெட்ஃபிளிக்ஸில் படம், யூடியூபில் பழைய பாட்டு, ஐடிவிஎக்ஸில் பழைய எபிசோட், டிவிடி, பிளேஸ்டேஷன், பிபிசி ரேடியோ, இதற்கெல்லாம் லைசன்ஸ் வேண்டாம்.

பலர் மாட்டுவது யூடியூபில்தான். அது யூடியூப்தானே, அதற்கு என்ன லைசன்ஸ் என்று நினைக்கிறார்கள். ஆனால் காலையிலிருந்து ராத்திரி வரை தந்தி டிவியையோ பாலிமர் நியூஸையோ யூடியூப் நேரலையில் ஓடவிட்டிருக்கும் வீடுகள் எத்தனை! அது டிவி சேனலின் நேரலை, ஆகவே லைசன்ஸ் வேண்டும். யாரோ ஒருவர் தன் சமையலறையிலிருந்து லைவ் போடுகிறார் என்றால் அது டிவி சேனல் இல்லை, அதற்கு வேண்டாம். அமேசான் பிரைமிலும் நெட்ஃபிளிக்ஸிலும் விளையாட்டுப் போட்டியை நேரலையாகக் காட்டினால் அதற்கும் வேண்டும். ஐபிஎல் மேட்சை நேரலையில் பார்க்கிற வீட்டுக்கு வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை. சில நிமிடம் நிறுத்தி வைத்துப் பார்த்தேன், ரெக்கார்டு பண்ணி அப்புறம் பார்த்தேன் என்பதும் எடுபடாது. யாரோ விற்ற, இணையம் வழியாகச் சேனல் காட்டும் ஐபிடிவி பாக்ஸ் வைத்திருப்பவர்கள், "பாக்ஸுக்குத்தான் காசு கட்டியாச்சே" என்பார்கள். அந்த பாக்ஸ் சட்டப்படி சரியா என்பது தனிப் பிரச்சினை, அது லைசன்ஸுக்கு ஈடாகாது.

2025 ஏப்ரலில் கட்டணம் வருடத்துக்கு 174.50 பவுண்டாக இருந்தது. லைசன்ஸ் ஆளுக்கு இல்லை, முகவரிக்கு. ஒரு வீட்டில் ஒரு குடும்பம் என்றால் எத்தனை டிவி இருந்தாலும் ஒன்று போதும். ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் ஒரு வீட்டை அறை அறையாக வாடகைக்கு விட்டிருப்பார்களே, அங்கேதான் சிக்கல். நான்கு பேர் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் பொதுவாக ஒரு லைசன்ஸ் போதும். ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு ஒப்பந்தம் என்றால் நேரலை பார்க்கிற ஒவ்வொருவரும் தனித்தனியாக எடுக்க வேண்டும். வீட்டுக்காரர் லைசன்ஸ் வைத்திருக்கிறார் என்று சும்மா இருந்துவிடக் கூடாது. படிக்கப்போன பிள்ளைகளுக்கு ஒரு சின்னச் சலுகை இருக்கிறது: அப்பா அம்மா வீட்டில் லைசன்ஸ் இருந்தால், கல்லூரி விடுதியில் ஃபோனிலோ லேப்டாப்பிலோ பேட்டரியில் மட்டும் நேரலை பார்க்கலாம். சார்ஜரைச் சொருகிய நிமிடம் அந்தச் சலுகை போய்விடும். படிக்கும்போது எனக்கே சிரிப்பு வரும் விதி, ஆனால் விதி விதிதான்.

75 வயது தாண்டினால் இலவசம் என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். 2020 ஆகஸ்ட் முதல் அது மாறிவிட்டது. 75 வயதும் ஆகியிருக்க வேண்டும், வருமானம் குறைந்த முதியவர்களுக்கு அரசு தரும் பென்ஷன் கிரெடிட்டும் வாங்க வேண்டும், அப்போதுதான் இலவசம். மகன் வீட்டில் இருக்கும் அம்மாக்கள், மகன் சம்பாதிக்கிறான், நமக்கெங்கே கிடைக்கப் போகிறது என்று விண்ணப்பிப்பதே இல்லை. பென்ஷன் கிரெடிட்டுக்கு மகனின் சம்பளத்தைப் பார்ப்பதில்லை, அம்மாவின் வருமானத்தையும் சேமிப்பையும், கணவர் கூட இருந்தால் அவருடையதையும்தான் பார்ப்பார்கள். அது கிடைத்துவிட்டால் அம்மா பெயரில் இலவச லைசன்ஸ் எடுக்கலாம், அந்த வீட்டில் எல்லோருக்கும் அதுவே செல்லும். ஸ்பான்சரில் வந்து, அரசு உதவி கிடையாது என்று விசாவில் போட்டிருப்பவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. கண்பார்வை இல்லாதவர் என்று பதிவானவர்களுக்குப் பாதிக் கட்டணம். இதுவும் பலருக்குத் தெரிவதில்லை.

சரி, நேரலையும் பார்ப்பதில்லை, ஐபிளேயரும் தொடுவதில்லை, ரத்து செய்ய வேண்டும் என்றால்? பேங்குக்குப் போய், தானாகப் பணம் போகும் டைரக்ட் டெபிட்டை நிறுத்திவிட்டு முடிந்தது என்று இருப்பவர்கள்தான் அதிகம். லைசன்ஸ்காரர்கள் கணக்கில் அது ரத்து இல்லை, பாக்கி. கடிதங்கள் வரிசையாக வரும். லைசன்ஸ் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, டிவி லைசன்ஸ் இணையதளத்திலோ ஃபோனிலோ, இன்ன தேதியிலிருந்து எனக்குத் தேவையில்லை என்று முதலில் சொல்லுங்கள். அதற்கு முன்பே ஐபிளேயர் ஆப்பை அழித்துவிடுங்கள், வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் விஷயத்தைச் சொல்லுங்கள். தாத்தா கீழே செய்தி நேரலையை ஓடவிட்டுக்கொண்டிருக்க, மகள் மாடியில் உட்கார்ந்து தேவையில்லை என்று டிக் அடித்தால் அது பொய் வாக்குமூலம். முழு மாதங்கள் மிச்சமிருந்தால் அதற்கான பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஊருக்கே திரும்பிப் போகிறவர்களும் லைசன்ஸ் உள்ள பிள்ளை வீட்டோடு சேர்ந்து போகிறவர்களும் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். வீடு மாறுகிறவர்கள் ரத்து செய்யத் தேவையில்லை, முகவரியை மாற்றினால் போதும்.

தேவையில்லை என்று அறிவிப்பது சட்டப்படி கட்டாயமில்லை. ஆனாலும் அறிவித்துவிடச் சொல்வேன், இல்லாவிட்டால் "தி லீகல் ஆக்குபையர்" (இங்கே சட்டப்படி குடியிருப்பவர்) என்று பெயரில்லாமல் சிவப்பு எழுத்தில் வரும் கடிதங்களைப் பார்த்து வீட்டுப் பெரியவர்கள் தூக்கம் கெட்டுப் போவார்கள். அறிவித்தாலும் அது நிரந்தரம் இல்லை, இரண்டு வருடம் போல ஆனதும் மறுபடி கேட்பார்கள். சரிபார்க்க ஆள் வரவும் கூடும்.

அந்த ஆள் வரும்போதுதான் உண்மையான தகராறு. வருகிறவர் போலீஸ் இல்லை. வாரண்ட் இல்லாமல் அவரை உள்ளே விட வேண்டியதில்லை, கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை, மரியாதையாகக் கதவைச் சாத்தலாம். மாஜிஸ்ட்ரேட் கொடுத்த வாரண்டோடு வந்தால் கதை வேறு, அப்போது தடுக்கக் கூடாது. நடப்பது என்ன என்றால், பகல் வேளையில் கதவைத் திறப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண். கையில் குழந்தை, அடுப்பில் குழம்பு. பெயர் என்ன, எந்த டிவி, கடைசியாக என்ன பார்த்தீர்கள் என்று கேட்டு ஒரு ஃபார்மில் எழுதுகிறார், நீங்கள் சொல்வது ஆதாரமாகும் என்று ஆங்கிலத்தில் வேகமாக வாசிக்கிறார், கையெழுத்துக்கு நீட்டுகிறார். அதை ஏதோ வருகைப் பதிவு என்று நினைத்துப் போட்டுவிடுகிறார்கள். மேட்ச் பார்த்தது கணவர், வழக்கு மனைவி பெயரில். இந்த நாட்டில் டிவி லைசன்ஸ் வழக்குகளில் தண்டிக்கப்படுகிறவர்களில் பெரும்பான்மையோர் பெண்களாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். புரியாத தாளில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று வீட்டில் ஒருமுறை சொல்லி வையுங்கள்.

வழக்கானால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரும்பாலும் யாரும் கோர்ட்டுக்குப் போவதில்லை. சிங்கிள் ஜஸ்டிஸ் புரொசீஜர் என்று ஒரு நோட்டீஸ் தபாலில் வரும், 21 நாளுக்குள் பதில் போட வேண்டும். ஒரு மாஜிஸ்ட்ரேட் காகிதத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதுவார். அதிகபட்ச அபராதம் 1,000 பவுண்ட், அதற்கு மேல் வழக்குச் செலவு. இதையும் பயமுறுத்தும் கடிதங்களோடு சேர்த்து டிராயரில் போட்டுவிட்டால், நீங்கள் இல்லாமலே குற்றவாளி என்று முடிவாகிவிடும். வருமானம் எவ்வளவு என்று நீங்கள் சொல்லாததால் ஒரு சராசரியை வைத்து அபராதம் போடுவார்கள், வேலையில்லாதவருக்கு அது மிக அதிகம். பார்த்தது உண்மை என்றால் ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டால் அபராதம் மூன்றில் ஒரு பங்கு வரை குறையும். வருமானப் படிவத்தைக் கட்டாயம் நிரப்பி, குடும்ப நிலைமையையும் எழுதுங்கள். நோட்டீஸே கைக்கு வரவில்லை, பழைய முகவரிக்குப் போய்விட்டது என்றால், தீர்ப்பு தெரிந்த 21 நாளுக்குள் கோர்ட்டில் சத்தியப் பிரமாணம் கொடுத்து வழக்கை மறுபடி திறக்கச் சொல்லலாம்.

கடைசியாக ஒன்று, ஐபிஎல் சீசனுக்கு மட்டும் லைசன்ஸ் எடுத்துவிட்டு முடிந்ததும் ரத்து செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: செய்யலாம், தடை எதுவும் இல்லை. ஆனால் மாதத் தவணையில் புதிதாக எடுக்கும்போது முதல் வருடப் பணத்தை ஆறு மாதத்திலேயே வாங்கிவிடுவார்கள், அதாவது மாதத் தவணை இரண்டு மடங்காகப் போகும். ரத்து செய்யும்போது மிச்ச மாதங்களுக்கானதை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.