சுடுமெழுகு: ‘என்காஸ்டிக்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

இலங்கை மலையகத்து ஹட்டனில் ஒரு சின்னக் கண்காட்சிக்குப் படங்களின் பெயர்ச்சீட்டுகளை மூன்று மொழியிலும் எழுதிக்கொண்டிருந்தோம். ஒரு சீட்டில் மட்டும் தமிழ் வரி ‘டிஜிட்டல் என்காஸ்டிக்’ என்று நின்றது. படத்தைச் செய்த பிள்ளைக்கே அது பிடிக்கவில்லை. “மாமா, அம்மாயிக்கு இத வாசிச்சுக் காட்டுனா என்னா வெளங்கும்?” என்றாள். படத்தில் இருந்தது அந்த அம்மாயியின் முகம்தான். கைப்பேசியில் எடுத்து, மெல்லிய தாளில் அச்சிட்டு, தேன்மெழுகில் பதித்திருந்தாள். மார்கழிக் காலையில் மலை தெரிவதுபோல் பாதி தெரிந்தது.

உருக்கிய மெழுகால் படம் செய்யும் கலைக்குப் பெயரான ‘என்காஸ்டிக்’ கிரேக்கச் சொல். ‘என்’ என்றால் உள்ளே, ‘கயேயின்’ என்றால் எரித்தல். உள்ளே சுட்டுப் பதிப்பது என்பதே பொருள். இந்தச் சொல்லுக்குள் மெழுகு எங்கேயும் இல்லை, சூடு மட்டுமே இருக்கிறது. காஸ்டிக் சோடாவில் வரும் ‘காஸ்டிக்’ இதற்கு உடன்பிறப்பு. அதை நம் பாடநூல்கள் ‘எரிசோடா’ என்று பொருளறிந்து பெயர்த்திருக்கின்றன. இன்னொரு உறவும் உண்டு. ரோமப் பேரரசர்கள் கையொப்பமிட்ட செவ்வூதா மையை இலத்தீனில் ‘என்காவுஸ்தும்’ என்றார்கள். அது பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து தேய்ந்து ஆங்கிலத்தின் ‘இங்க்’ ஆனது. அச்சுப்பொறி மையும் மெழுகும் சேரும் இந்தக் கலையில், மையின் பெயரான ‘இங்க்’கும் கலையின் பெயரான ‘என்காஸ்டிக்’கும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

கலையும் பழையது. எகிப்தின் ஃபயூம் பகுதியில் கிடைத்த, பதப்படுத்திய உடல்களின்மேல் வைத்த முகப்படங்கள் ஏறக்குறைய 1 முதல் 3 வரையான நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றில் பல, நிறம் கலந்த தேன்மெழுகால் பலகையில் தீட்டப்பட்டவை. கண்கள் இன்றும் ஈரமாகத் தெரியும்.

சரி, ‘மெழுகு ஓவியம்’ என்று எழுதிவிட்டால் என்ன? எங்கள் பக்கம் அது குழப்பும். கண்டிக்குப் போகும் வழியில், மெழுகிட்டுச் சாயமேற்றும் ‘பத்திக்’ துணிக் கடைகளைப் பார்க்காதவர் யார்? பத்திக்கிலும் மெழுகு உண்டு, ஆனால் சாயம் ஏறாமல் மறைப்பதற்கு மட்டுமே. வேலை முடிந்ததும் வெந்நீரில் போட்டு அதை எடுத்துவிடுவார்கள். என்காஸ்டிக்கில் மெழுகு போகாது, அதுவேதான் படம்.

‘மெழுகு’ என்ற நம் சொல்லையும் சற்றுத் திருப்பிப் பார்க்கலாம். அது பெயர்ச்சொல் மட்டுமல்ல, வினையும்கூட. சாணத்தைக் கரைத்து லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டு) வாசலை மெழுகிய கைகளை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அப்பர் தேவாரத்திலும் ‘அலகிட்டு மெழுக்குமிட்டு’ என்று வருகிறது. பூசிப் பூசிப் படலமாக்குவது மெழுகுதல். மெழுகை அடுக்கடுக்காகப் பூசும் இந்தக் கலைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிரேக்கத்திலேயே இல்லை என்பேன். குறைவது சூடு ஒன்றுதான். மண்ணைச் சுட்டால் ‘சுடுமண்’ என்கிறோம். அதே வழியில் போனால் ‘சுடுமெழுகு’.

செய்முறை தெரிந்தால் சொல் இன்னும் விளங்கும். தேன்மெழுகு 62 முதல் 65 பாகை செல்சியசில் உருகும். எட்டுப் பங்கு மெழுகுக்கு ஒரு பங்கு டாமர் பிசின் சேர்ப்பது வழக்கம். நம் குங்கிலியத்துக்கு உறவான அந்தப் பிசின் மெழுகை இறுக்கும். ஒவ்வொரு படலத்தையும் பூசியபின் சூடான காற்றை ஊதி, கீழ்ப்படலத்தோடு ஒட்டவைக்க வேண்டும். ‘சுட்டுப் பதித்தல்’ என்பது இந்த வேலைதான். இதைத் தவறவிட்டால் படலங்கள் பின்னால் உரிந்துவிடும். துணியில் தீட்டினால் அது வளையும்போது மெழுகு வெடிக்கும் என்பதால் விறைப்பான பலகை தேவை. பிள்ளை எடுத்தது பழைய தேயிலைப் பெட்டிப் பலகை. நுவரெலியாக் குளிரில் தூரிகை பலகையைத் தொடுமுன்னே மெழுகு உறைந்துவிடும், அதனால் பலகையையும் சூடாக்கிக்கொள்ள வேண்டும்.

கைப்பேசிப் படம் இதற்குள் இரண்டு வழியில் நுழையும். மெல்லிய, பளபளப்புப் பூச்சில்லாத தாளில் அச்சிட்டு மெழுகுக்குள் புதைப்பது ஒன்று. தாளின் நார்களுக்கிடையே காற்று இருந்த இடத்தை மெழுகு நிரப்புவதால் ஒளி சிதறாமல் ஊடுருவும், தாளின் வெண்மை மறையும், படம் மட்டும் மிதக்கும். பூச்சுள்ள ஸ்டுடியோத் தாள் மெழுகைக் குடிக்காது. மற்றது, லேசர் அச்சைக் கவிழ்த்து மெழுகில் வைத்து, கரண்டி முதுகால் தேய்த்து, தாளை நனைத்து விரலால் உருட்டி எடுப்பது. அச்சுத்தூள் மெழுகிலேயே தங்கும். இடம் வலமாகும் என்பதால் முன்கூட்டியே கணினியில் திருப்பிவிட வேண்டும். பிள்ளை முதல்முறை மறந்துபோய்த் தோட்டத்துப் பெயர்ப்பலகையை இடவலம் மாறிய மொழியாக்கிவிட்டாள்.

ஒளிப்படத்துக்கும் மெழுகுக்கும் இது முதல் சந்திப்பல்ல. 1851இல் பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே, மெழுகூட்டிய தாளில் எதிர்ப்படம் (நெகட்டிவ்) எடுக்கும் முறையை வெளியிட்டார். அங்கேயும் தாள் ஒளியை ஊடுருவ விடவேண்டும் என்பதே காரணம். எங்கள் மலைக்கு ஒளிப்பட உறவு ஒன்றும் உண்டு. புகழ்பெற்ற ஒளிப்படக்காரர் ஜூலியா மார்கரெட் கேமரன் 1879இல் டிக்கோயாவில் இறந்தார், பொகவந்தலாவையில் புதைக்கப்பட்டார். அவர் எடுத்தது கண்ணாடி எதிர்ப்படங்களில், மெழுகுத் தாளில் அல்ல. இருந்தாலும் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

சுட்டுப் பூசும் கைவேலையும் இங்கே புதிதல்ல. மாத்தளைப் பக்கம் ஹப்புவிடவில் அரக்கை இளக்கி, நூலாக இழுத்து, விரல்நகத்தால் வெட்டி மரத்தில் கோலம் பதிக்கிறார்கள்.

இனி ‘டிஜிட்டல்’. ‘இலக்கமுறை’, ‘எண்ணிம’ என்று இரண்டும் புழக்கத்தில் உள்ளன. நுட்பக் கட்டுரைக்கு ‘எண்ணிமச் சுடுமெழுகுப் படம்’ என்று எழுதலாம். பெயர்ச்சீட்டுக்கு அந்த முன்னொட்டு வேண்டாம் என்பது என் கட்சி. தூரிகையால் மட்டும் தீட்டியதைச் ‘சுடுமெழுகு ஓவியம்’ என்போம். இது பாதி எடுத்தது, பாதி வரைந்தது. தமிழில் எடுப்பதும் படம், வரைவதும் படம். அந்த ஒரு சொல்லே இரண்டையும் தாங்கிக்கொள்கிறது.

கடைசியில் சீட்டில் எழுதினோம்: ‘சுடுமெழுகுப் படம். கைப்பேசி அச்சு, தேன்மெழுகு, தேயிலைப் பெட்டிப் பலகை.’

அம்மாயிக்கு வாசித்துக் காட்டினாள். “சுடுமெழுகா? எங்க, கையக் காட்டு” என்றது கிழவி.