சமையல்காரர் நம்ம ஆள், குறிப்பில்தான் விஷம்

2000ஆம் ஆண்டு மே மாதம் 'ஐ லவ் யூ' என்ற தலைப்போடு ஒரு மின்னஞ்சல் உலகைச் சுற்றி வந்தது. இணைப்பில் இருந்தது காதல் கடிதமல்ல, விபிஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழியில் எழுதிய சில நூறு நச்சு வரிகள். கோப்பின் பெயர் '.டிஎக்ஸ்டி.விபிஎஸ்' என்று முடியும். கடைசி வாலை விண்டோஸ் மறைத்துவிட்டதால், சாதாரண உரைக் கோப்பு என்று நம்பித் திறந்தார்கள்.

இப்படிப்பட்ட ஸ்கிரிப்டை ஆன்டிவைரஸ் பிடிக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? ஸ்கிரிப்ட் என்பது வெறும் எழுத்து, கணினிக்கான கட்டளைகள். அதைப் படித்து வேலை செய்யும் பவர்ஷெல் போன்ற நிரல்கள் விண்டோஸிலேயே இருப்பவை. சமையல்காரரைச் சந்தேகிக்க முடியாது. விஷம் சமையல் குறிப்பில் இருக்கிறது. அந்தக் குறிப்பையும் உருமாற்றுவது எளிது. 'அழி' என்ற சொல்லை ஆன்டிவைரஸ் தேடுகிறதா? 'அ' + 'ழி' என்று வெட்டி எழுதினால் போதும், கோப்பில் அந்தச் சொல்லே இருக்காது. ஓடும்போதுதான் ஒட்டிக்கொள்ளும். அதனால் 2015இல் விண்டோஸ் 10உடன் ஆம்சி என்ற ஏற்பாடு வந்தது: ஒட்டிய வரியை ஓட்டுவதற்கு முன் பவர்ஷெல் அதை ஆன்டிவைரஸிடம் காட்டும்.

எனவே கோப்பை வலது கிளிக் செய்து ஸ்கேன் போட்டுப் பார்ப்பது பாதிச் சோதனைகூட அல்ல. ஆன்டிவைரஸைச் சோதிப்பதற்கென்றே உருவாக்கிய ஐகார் கோப்பும் அப்படித்தான். 68 எழுத்து கொண்ட, தீங்கில்லாத சரம் அது; ஆன்டிவைரஸ் விழித்திருக்கிறதா என்று மட்டும் சொல்லும். (கையால் தட்டச்சு செய்பவர்கள் கவனிக்க: மூன்றாவது எழுத்து ஆங்கில 'ஓ', பூஜ்யமல்ல.)

உண்மையான சோதனைக்குத் தனி மெய்நிகர் கணினி, அதாவது கணினிக்குள் மென்பொருளால் ஓடும் இன்னொரு கணினி, வேண்டும். சுத்தமான நிலையை ஸ்னாப்ஷாட்டாகச் சேமித்து, ஸ்கிரிப்டை ஓட விட்டு, பார்த்து முடித்ததும் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். கோப்பு வந்த வழியும் முக்கியம். பிரவுசரில் இறக்கிய கோப்பில் 'இணையத்திலிருந்து வந்தது' என்று விண்டோஸை எச்சரிக்கும் முத்திரை ஒட்டியிருக்கும். ஃபேட் என்ற பழைய சேமிப்பு முறையில் அமைத்த பென் டிரைவ் வழியாகப் போனால் அது உதிர்ந்துவிடும். அதே ஸ்கிரிப்ட், வேறு முடிவு!

ஆன்டிவைரஸின் சிவப்பு எச்சரிக்கைப் பெட்டி எட்டிப் பார்த்ததும் 'தடுத்தது' என்று டிக் போடுபவர்கள் உண்டு. நான் போடமாட்டேன். தற்காலிகக் கோப்புகள் கிடக்கும் டெம்ப் ஃபோல்டரில் ஏதாவது விழுந்திருக்கிறதா, கணினி திறந்ததும் தானே ஓடும் பட்டியலில் புதுப் பெயர் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மதிப்பெண்.

கூடவே நல்ல ஸ்கிரிப்ட்களையும் ஓட்ட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் தடுக்கும் மென்பொருள் இதுவரை சொன்ன சோதனையில் நூற்றுக்கு நூறு வாங்கிவிடும். ஆனால் அலுவலகத்தில் தினமும் பிரின்டரை இணைக்கும் ஸ்கிரிப்டை அது ஒரு திங்கட்கிழமை காலை பிடித்து வைத்தால், பத்து மணிக்குள் யாராவது பாதுகாப்பையே அணைத்துவிடுவார்கள்.