மேக்கில் விண்டோஸ் கேம் ஆடப்போகும் தம்பிகளுக்கு

இந்த வாரமும் கீழக்கரையிலிருந்து ஒரு மேக்புக் ஏர் சர்வீஸுக்கு வந்தது. மகன் படிப்புக்கென்று வாப்பா துபாயிலிருந்து அனுப்பியது. வேலரண்ட் என்ற விண்டோஸ் கேம் ஆடும் ஆசையில் பையன் மேக்குக்குள் விண்டோஸை ஓட்டும் செயலியான பேரலல்ஸின், டெலிகிராமில் கிடைத்த 'கிராக்' (திருட்டு) பதிப்பை இறக்கியிருக்கிறான். நிறுவும்போது மேக் பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்துவிட்டான். மறுநாளே ஜிமெயிலும் இன்ஸ்டாகிராமும் கைவிட்டுப் போயின. கேமும் ஓடவில்லை. ராமநாதபுரத்தில் கடை வைத்திருக்கும் எனக்கு இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

"உள்ளே விண்டோஸ் போட்டாச்சுல்லண்ணே, அப்ப எல்லா கேமும் ஓடணும்ல?" வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது இதைத்தான். ஓடாது தம்பி. பேரலல்ஸ் உண்டாக்குவது விர்ச்சுவல் மெஷின், அதாவது மேக்குக்குள் மென்பொருளால் ஆன பாவனைக் கம்ப்யூட்டர்; நிஜமாகவே இன்னொரு கம்ப்யூட்டர் கிடைத்துவிட்டதாக அர்த்தமில்லை. இருக்கிற ராமைத்தான் அது பங்கு போடுகிறது. 8 ஜிபியில் பாதியை விண்டோஸுக்குக் கொடுத்தால் இரண்டுமே திணறும். கிராஃபிக்ஸும் விண்டோஸ் கைக்கு நேராகப் போவதில்லை. கேம் கொடுக்கும் டைரக்ட்எக்ஸ் (விண்டோஸின் கிராஃபிக்ஸ் மொழி) கட்டளையை ஆப்பிளின் கிராஃபிக்ஸ் மொழியான மெட்டலுக்கு மாற்றிய பிறகுதான் திரையில் படம் வரும். பேரலல்ஸ் அதை டைரக்ட்எக்ஸ் 11 வரைதான் செய்யும். 12 கேட்கும் எல்டன் ரிங் அதில் ஓடாது; காசு கொடுத்து வாங்கிய பேரலல்ஸானாலும் இதே கதிதான். 2020 கடைசியில் வந்த ஆப்பிளின் எம்1 சிப் தொட்டு எந்த எம் சிப் மேக்கிலும் பூட் கேம்ப் (மேக்கை நேரடியாக விண்டோஸில் தொடங்கும் வசதி) கிடையாது. உள்ளே போடுவது ஆர்ம் விண்டோஸ் (எம் சிப் போன்ற ஆர்ம் வகைச் சிப்புக்கானது), அது சாதாரண விண்டோஸ் கேமைத் தனக்கேற்ப இன்னொரு முறை மாற்றியாக வேண்டும். இத்தனை மாற்றத்துக்கும் வேகம் விலை.

வேலரண்டை மறந்துவிடுங்கள். அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளான வேன்கார்டு, விர்ச்சுவல் மெஷினைக் கண்டாலே கேமை விடாது. யூடியூப் பார்த்து மறைத்து ஓட்டப் பார்த்தால் கணக்கே தடையாகலாம், வாங்கிய ஸ்கின்களும் (ஆயுத அலங்காரங்கள்) அதோடு போகும்.

"விண்டோஸ் வைரஸ் மேக்குக்கு வராது" என்பார்கள். பேரலல்ஸ் உங்கள் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்களைத் தானாகவே விண்டோஸோடு பகிர்ந்து வைக்கும். உள்ளே ரேன்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸ்) புகுந்தால் அந்தக் கோப்புகளையும் பூட்டிவிடும். பகிர்வை முதலில் நிறுத்துங்கள்.

எம் சிப் ஏரில் ஃபேன் இல்லை; நம் ஊர்ப் புழுக்கத்தில் மெத்தைமேல் வைத்து ஆடினால் சூடேறி வேகம் குறையும். ஃபேன் உள்ள லேப்டாப்பென்றால், மண்டபம், பாம்பன் பக்கத்திலிருந்து வருவதைக் கழற்றிப் பாருங்கள்: இறக்கையில் தூசியும் உப்பும் பிசினாக ஒட்டியிருக்கும், ஸ்க்ரூ தலை துருவேறியிருக்கும். அவ்வப்போது சுத்தம் செய்யக் கொடுங்கள்.

வாங்குமுன் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் அந்த கேமுக்கு மேக் பதிப்பு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால், விண்டோஸே போடாமல் மேக்கில் விண்டோஸ் கேமை ஓட்டும் கிராஸ்ஓவரை 14 நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம். லினக்ஸ்காரர்களுக்கு விர்ச்சுவல் மெஷினே வேண்டாம், 2018-லிருந்து ஸ்டீமிலேயே விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் இருக்கிறது. கேம் ஓடவில்லையென்றால், வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும்.

கிராக்கை ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? அந்த மேக்கின் வைஃபையை அணைத்துவிட்டு, அதில் வேறெதையும் தொடாமல், போனிலிருந்து பாஸ்வேர்டுகளை இப்போதே மாற்றுங்கள். ஜிமெயில் முதலில்.