உறைக்குப்பி: வாளுறையின் அடிநுனிக்கு ஒரு தமிழ்ப் பெயர்

ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் வாளும் இல்லாமல் உறையும் இல்லாமல், விரல் நீள உலோகத் துண்டு ஒன்று தனியாக இருப்பதைப் பார்க்கலாம். ஆங்கிலப் பெயர்ப் பலகையில் ‘சேப்’ (chape) என்று போட்டிருக்கும். வாளுறையின் அடிநுனியில் மாட்டியிருந்த கவசம் அது. தோலும் மரமும் மண்ணில் மட்கிப்போக, இது மட்டும் தங்கிவிட்டது. வாள்முனை உள்ளிருந்து உறையைக் கிழிக்காமலும், நடையில் இடிபட்டு நுனி தேயாமலும் காப்பதுதான் இதன் வேலை.

சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. மூலம் ‘கப்பா’ என்ற லத்தீன் சொல். முக்காடு வைத்த மேலங்கி என்று பொருள். தூய மார்ட்டினின் மேலங்கியைப் போற்றி வைத்த இடத்தின் பெயரிலிருந்து, சிற்றாலயத்தைக் குறிக்கும் ‘சேப்பல்’ பிறந்ததும் இதே வேரில்தான். இன்றைய பிரெஞ்சில் ‘ஷாப்’ என்றால் உறையின் வாய்ப்பக்கப் பட்டை. அடிநுனிக்குப் பெயர் ‘பூட்ரோல்’. மொழிபெயர்ப்பவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும், ஒரே சொல் இரு மொழிகளில் உறையின் இரு முனைகளைக் காட்டுகிறது.

வாளுக்கு மட்டும் உரியதுமல்ல இது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவிஞர் சாசர், தச்சரும் நெசவாளரும் சாயக்காரரும் அடங்கிய ஒரு குழுவை வருணிக்கும்போது, அவர்களுடைய கத்திகளுக்குப் பித்தளையில் அல்ல, முழு வெள்ளியிலேயே ‘சேப்’ போட்டிருந்தது என்கிறார். அவர்கள் வசதியைச் சொல்ல அந்த ஒரு நுனி போதுமாயிருந்தது.

எனக்கு மிகப் பிடித்தது ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்தின் செயின்ட் நினியன் தீவில் கிடைத்தது. 1958இல் அகழாய்வுக்கு உதவ வந்த பள்ளிச் சிறுவன் ஒருவன் சிலுவைக் கோடு கீறிய கல்லைப் புரட்ட, அடியில் 28 வெள்ளிப் பொருள்கள் இருந்தன. காலம் சுமார் கி.பி. 800. அவற்றில் இரண்டு இந்த நுனிக் கவசங்கள். ஆங்கில ‘யூ’ எழுத்துப்போல் வளைந்து, இரு முனையும் விலங்குத் தலையாக முடிபவை. ஒன்றில் லத்தீன் எழுத்து வெட்டியிருக்கிறது. ஒரு பக்கம் ‘இறைவன் பெயரால்’ என்று தொடங்குகிறது. யாரும் குனிந்து பார்க்காத உறையின் அடியில் ஒரு வேண்டுதல்!

தமிழில் என்ன சொல்வது? உறை நமக்குப் பழைய சொல். பதிற்றுப்பத்தில் ‘புலியுறை கழித்த புலவுவாய் எஃகம்’ என்று வருகிறது. ‘உறைமுனை’ என்றால் உறையின் நுனி என்றுதான் ஆகும், அதில் மாட்டிய உலோகம் வராது. ‘பூண்’ நல்ல சொல்தான். ஆனால் உலக்கைப் பூணை நினைத்துப் பாருங்கள், அது இருபுறமும் திறந்த வளையம். மாட்டுக் கொம்பின் நுனியில் மாட்டும் பித்தளை மூடிக்குக் குப்பி என்கிறோமே, அதுதான் இங்கே பொருந்தும்: நுனியை மூடுவது, காப்பது, அழகும் சேர்ப்பது. எனவே அடிநுனிக்கு உறைக்குப்பி. வாய்ப்பக்கப் பட்டைக்கு உறைவாய்ப் பூண்.